கைராசி நடைவண்டிக் கடை

என் தம்பி ஞானராஜுக்குக் கைராசி இருக்கிறது என்று முதன்முதலில் கிளப்பிவிட்டவள் எதிர்வீட்டுப் பெரியம்மாள்தான். அவளுடைய பேரன் ஒன்றரை வயதாகியும் எழுந்து நிற்காமல் வாசலெல்லாம் தவழ்ந்துகொண்டிருந்தான். ஞானராஜ் பாலை மரத்தில் அவனுக்கு ஒரு நடைவண்டி செய்து கொடுத்தான். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான் வண்டி. கொடுத்ததோடு விடாமல், பையனின் இரண்டு கையையும் எடுத்துக் கட்டையின் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக் குனிந்தபடியே வாசலில் ஒரு நடை தள்ளிக்கொண்டு போனான். அந்த வாரமே பையன் நடந்துவிட்டான். நடக்கிற வேளை வந்தது, நடந்தான். வேறென்ன? ஆனால் பெரியம்மாள் வாயை யார் கட்டுவது! "ஞானராஜ் கை பட்டா கல்லுகூட எந்திரிச்சு நடக்குமுங்க" என்று கம்பைநல்லூர் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அதோடு பிடித்தது. பிள்ளைக்குப் பல் முளைக்கிறதோ இல்லையோ, தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வண்டி மட்டும் வாங்கிக்கொண்டு போகமாட்டார்கள். அவன் கையை வைத்து ஒரு நடை தள்ளிவிட வேண்டும். அதுதான் முக்கியம். காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பவனைக் கூப்பிட்டு வரச்சொல்லி, கை கழுவச்சொல்லி, பிள்ளையின் கையைப் பிடிக்கச் சொல்வார்கள்.

நாங்கள் ஏர் பிடிக்கிற குடும்பம். மேட்டுக்காட்டில் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுச் சாப்பிடுகிறவர்கள். எங்கள் மாதா கோயிலுக்குப் பெஞ்சு செய்ய வந்திருந்த ஆசாரிகளோடு கூடமாட நின்று, அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் உளியைத் தொட்டுப் பார்த்து வேலை பழகியவன் அவன். காட்டில் வேலை இல்லாத மாதங்களில் பண்ணுகிற வேலையாகத்தான் அது இருந்தது. அப்படியே இருந்திருக்கலாம்.

தருமபுரி தனி ஜில்லா ஆன வருஷம் மழை இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. கிணற்றில் இறங்கி நின்றால் கால் நனையவில்லை. ஒருநாள் காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவன், கயிறோடு திரும்பி வந்தான். அதியமான்கோட்டையில், ரோட்டு மேலேயே கடை போட ஒரு இடம் பார்த்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னான்.

"உளியை நம்பி ஏரை வுடறவன் எங்கயாச்சும் உண்டாடா?" என்று கத்தினேன்.

"ஏரு எங்க சோறு போட்டுச்சுக்கா? ரெண்டு வருசமா இந்தக் கைதான போடுது." உள்ளங்கையை விரித்து என் மூக்குக்கு நேரே காட்டினான். அவன் பெண்டாட்டி ராஜமேரி சட்டிபானையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டின புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் தனியாகக் கிடப்பவள். எனக்கென்று இருந்தது இவன் ஒருத்தன். அவனும் பஸ் ஏறிவிட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, கடை பிடித்துக்கொண்டது. 'கைராசி ஞானராஜ் நடைவண்டிக் கடை' என்று பெரிய எழுத்தில் போர்டு எழுதி வைத்தான். பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகிற வண்டிகள் போர்டைப் பார்த்து நின்றன. பங்குச் சாமியார் ஒருமுறை அந்த வழியாகப் போனவர் இறங்கித் திட்டியிருக்கிறார். "கைராசியாம்! ஞாயித்துக்கெழம பூசைக்கு வர்றவன் எழுதற போர்டாடா இது?" என்று கேட்டிருக்கிறார். இவன் சளைக்காமல், "நல்ல மரம்னு எழுதினா எவன் சாமி வண்டிய நிறுத்தறான்?" என்றிருக்கிறான். சாமியார் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மரத்துக்குத் தீர்த்தன் என்று ஒருவர் வருவார். வத்தல்மலைக்காரர். பாலைக் கட்டைகளைத் தோளில் சுமந்து மலையிலிருந்து இறங்குவார். அந்த மரம் வெள்ளையாக, லேசாக இருக்கும். நிழலில் காயவைத்தால் வெடிக்காது. ஞானராஜ் கடைசல் பட்டறையில் சக்கரத்தைக் கடைந்து, சிவப்பும் பச்சையும் அரக்குப் பூசி, வரிசையாக மாட்டி வைத்திருப்பான். இரண்டு பேரை வேலைக்கு வைத்துக்கொண்டான். ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்து நடத்துவது மட்டும் அவன்தான். அதை வேறு யாரும் செய்ய முடியாதே!

அங்கே போன பிறகுதான் ரோசம்மா பிறந்தாள். கல்யாணமாகி எத்தனையோ காலம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவளுக்கென்று அவன் செய்த வண்டியைப் பார்க்க வேண்டுமே! கட்டையின் இரண்டு முனையிலும் கிளி. ஒவ்வொரு கிளிக்கும் இறக்கை தனித்தனியாகச் செதுக்கியிருந்தான். வயசு திரும்புவதற்குள் அந்தப் பெண் அதைத் தள்ளிக்கொண்டு கடைக்கும் ரோட்டுக்குமாக ஓடினாள். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க கடைக்கு இவதாங்க விளம்பரம்" என்று காட்டுவான். அவனுக்கு அப்போது கால் தரையில் பாவவில்லை.

மறுவருஷம் மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கால் இரண்டும் துவண்டு போயிருந்தன. தருமபுரியில் டாக்டர் முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இளம்பிள்ளை வாதம், இனி நடப்பது கஷ்டம் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது ராஜமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஞானராஜ் அந்தக் கிளிவண்டியை நடுவீட்டில் வைத்து, பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, அவள் கைமேல் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். கால்கள் பின்னாலேயே இழுபட்டு வந்தன. மறுபடி தூக்கி நிறுத்தினான். மறுபடி தள்ளினான். பிள்ளை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. நான் அவன் கையைப் பிடித்து இழுத்து, "போதும்டா, வுட்டுர்றா" என்று அழுதேன்.

அதன்பிறகும் கடை நடந்தது. ஒருநாள் சேலத்துக்காரி ஒருத்தி பிள்ளையோடு வந்திருக்கிறாள். இவன் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கட்டையில் வைக்கிற நேரம், ரோசு உள்ளேயிருந்து தரையில் தவழ்ந்து வந்து, "அப்பா!" என்றிருக்கிறாள். சேலத்துக்காரி ரோசுவின் காலைப் பார்த்தாள். இவன் கையைப் பார்த்தாள். வெடுக்கென்று தன் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, "அப்புறமா வர்றமுங்க" என்று போய்விட்டாள். அடுத்த வாரம் வேறொரு வீட்டார் அப்படியே போனார்கள்.

அந்த மாதமே, நல்ல வெயில் நேரத்தில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான்.

"கொஞ்ச நாளைக்கு நீ வச்சுக்கக்கா."

"ஏன்? உனக்கு வூடு இல்லையா?"

"வூடு வேற, கடை வேற இல்லையே. ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது." கீழே பார்த்துக்கொண்டே பேசினான். "மாட்டையும் வித்துட்டன். காட்டுல முள்ளு மண்டிக் கெடக்குது. இந்தக் கடையும் போச்சுன்னா மூணு பேரும் எங்கக்கா போவோம்? இவளுக்கு நாளைக்கு வைத்தியம் பாக்கக்கூடக் கடை வேணுமில்ல?"

நன்றாகத் திட்டினேன். எங்கள் அப்பன் ஆத்தாளில் தொடங்கி எல்லாரையும் இழுத்துத் திட்டினேன். திட்டிக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அத்தை, உங்க வூட்ல கோழி இருக்குதா?" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை.

அதியமான்கோட்டையில் நாலு பேருக்கு விஷயம் தெரியும். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் அந்த நாலு பேர் அல்லவே, ரோட்டில் போகிறவர்கள். பழைய வாடிக்கைக்காரர் யாராவது, "உங்க பாப்பா எங்கங்க?" என்று கேட்டால், "ஊர்ல எங்கக்கா வூட்டுல ஓடியாடிக்கிட்டு இருக்குதுங்க" என்று சொல்லிவிடுவான். ஓடியாடிக்கொண்டு! ஊரான் பிள்ளைக்கெல்லாம் வண்டி செய்கிறவன், இவளுக்கு உட்கார்ந்து போக ஒரு பலகைக்கு நாலு சக்கரம் வைத்துத் தரவில்லை. கேட்டால், "செய்யறன், செய்யறன்" என்பான். அவனுக்குக் கை வரவில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் திட்டுவேன்.

ரோசு என்னிடம் வளர்ந்தாள். ராஜமேரி வாராவாரம் பஸ் ஏறி வந்து மகளைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டுப் போவாள். ரோசுவுக்கு வாய் என்னைப் போல. பெரியம்மாள் ஒருநாள், "பாவம் புள்ள" என்று உச்சுக்கொட்டியதற்கு, "உங்க பேரன் நடக்கறான், ஆனா பள்ளிக்கூடம் போக மாட்டேங்கறானே, அதாங்க பாவம்" என்றாள். பெரியம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அவளுக்கு ஐந்து வயதிருக்கும். கிறிஸ்துமஸ் வந்துகொண்டிருந்தது. "அப்பா கடையப் பாக்கணும்" என்று ஒரே பிடிவாதம். சரி, அப்பன் கடைதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. ஓசூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பம், தங்களுக்குள் தெலுங்கு பேசிக்கொண்டார்கள். ஞானராஜ் அவர்கள் வீட்டுக் குழந்தையின் கைகளை வண்டியில் வைத்துப் பிடித்திருந்தான். நான் ரோசுவை வாசல் பலகையில் உட்காரவைத்தேன். அவளுடைய கால்கள் பாவாடைக்குக் கீழே குச்சிகளாகத் தொங்கின.

அந்தக் குடும்பத்துப் பாட்டி திரும்பிப் பார்த்தார். "யாருங்க இந்தப் புள்ள? உங்களுதா?" என்று தமிழில் கேட்டார்.

ஞானராஜ் நிமிரவே இல்லை. "இல்லைங்க. சொந்தக்கார வூட்டுப் புள்ளைங்க. ஊர்ல இருந்து வந்திருக்குது."

உள்ளே ராஜமேரி கையிலிருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது. எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. எனக்கே! ரோசு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தக் குழந்தையை ஒரு நடை தள்ளிவிட்டு வந்தான். அப்போது ரோசு, அந்தப் பாட்டி காதில் விழும்படி, "மாமா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க மாமா" என்றாள்.

கார் போனதும் அவன் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர். ஆனாலும் சிரித்தான். "பாத்தியாக்கா, எம்மாம் வெவரம்! யாரும் சொல்லித் தரல, பாத்தியா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பக்கத்துக் கடைக்குப் போய்க் கமர்கட்டு வாங்கி வந்து இரண்டு கை நிறையக் கொடுத்தான். மடையன். நான் அவனை முகத்துக்கு நேரே காறித் துப்பாத குறையாகப் பேசிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். வழியெல்லாம் ரோசு கமர்கட்டை எண்ணாமல் தின்றுகொண்டு வந்தாள். "அத்தை, அப்பா சிரிச்சாரு பாத்தீங்களா? நான் அப்படிச் சொன்னா அப்பாவுக்குப் புடிக்குது" என்றாள்.

அதிலிருந்து ஆள் இருந்தால் மாமா, இல்லாவிட்டால் அப்பா என்றிருந்தது. போகப்போக ஆள் இல்லாவிட்டாலும் மாமாதான். ராஜமேரி ஒருமுறை அடித்துப் பார்த்தாள். "அப்பான்னு பழகிட்டா நாளைக்கு யாராவது இருக்கறப்போ வாய் தவறி வந்துரும்மா" என்று ரோசு அழுதுகொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு ராஜமேரி அவளை அடிக்கவில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. அதன்பிறகு நடந்ததை ராஜமேரிதான் எனக்குச் சொன்னாள்.

மரம் கொண்டுவரும் தீர்த்தன் ஒருநாள் தோளில் கட்டைக்குப் பதிலாகப் பேரனைச் சுமந்துகொண்டு மலையிலிருந்து இறங்கியிருக்கிறார். அந்தப் பையனுக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது. அவனுக்கும் கால் துவண்டுவிட்டது. "மேஸ்திரி, உங்க கைய வச்சு ஒரு நடை தள்ளி வுடுங்க. போதும்" என்று வண்டிக்கு முன்னால் பையனை இறக்கினார். ஞானராஜ் குனிந்தான். கையை வைத்துத் தள்ளினான். கால்கள் பின்னால் இழுபட்டன. தீர்த்தன் வண்டியையும் பையனையும் தூக்கிக்கொண்டு மலையேறினார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். வெயிலோ மழையோ, ஏழு வயதுப் பையனைத் தோளில் சுமந்துகொண்டு அந்த மலையை இறங்கி ஏறினார். இவன் சாக்குச் சொல்லி ஒளிந்துகொண்டாலும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாராம்.

ஒருநாள் ஞானராஜ் தாங்கமாட்டாமல் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "வேணாம் தீர்த்தண்ணே. இனிமே இவனைத் தூக்கிட்டு வராதீங்க. என் கையில ஒண்ணும் இல்ல. என் புள்ளைக்கே இப்படித்தான் ஆச்சு. அவளும் நடக்க மாட்டா."

தீர்த்தன் பையனின் காலைப் பார்த்தார். பிறகு, "உங்க பாப்பா ஊர்ல ஓடியாடிக்கிட்டு இருக்குதுன்னு சொன்னீங்களே மேஸ்திரி. அதை நம்பித்தான சுமந்தன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, துண்டைச் சுருட்டி அவன் முதுகுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு நடந்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஞானராஜ் பட்டறையில் உட்கார்ந்தான். அகலமான பலகை, முதுகு சாய ஒரு தடுப்பு, கீழே நாலு சக்கரம். எத்தனையோ வருஷமாக நான் கேட்ட வண்டி. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினான்.

"ரோசுவக் கூட்டிக்கிட்டுப் போறன்கா. போர்டைக் கழட்டிட்டன். இனிமே அவ கடை முன்னாடிதான் உக்காருவா. வாங்கறவன் வாங்கட்டும், போறவன் போவட்டும்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றேன். சந்தோஷம்தான். எனக்குள்ளே ஒன்று பிய்ந்துகொண்டு போனதும் நிஜம்தான். அவள் இல்லாத வீட்டில் நான் யாரைத் திட்டுவது? முகத்தைக் கழுவிக்கொண்டு, அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்று நானும் கூடவே கிளம்பினேன். ரோசு புது வண்டியில் உட்கார்ந்து, கையால் தரையைத் தள்ளித் தள்ளி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் தானே வந்தாள். "மாமா, நல்லா உருளுது மாமா!" என்று கத்தினாள். அவன் முகம் சுருங்கியது. "இனிமே அப்பான்னு கூப்புடு கண்ணு" என்றான். "சரிங்க மாமா" என்றாள்.

கடை வாசலில், நடைவண்டிகள் தொங்குகிற இடத்துக்கு நேர் கீழே அவளை உட்காரவைத்தான். ராஜமேரி மகளுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டாள். போர்டு இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தருமபுரிப் பக்கமிருந்து வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. சின்ன வயசுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையும் மாமியாருமாக இறங்கினாள். கைராசிக்காரர் கடை இதுதானே என்று விசாரித்துக்கொண்டே வந்தவள், ரோசுவைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யாரு பாப்பா இது?" என்று கேட்டாள்.

ஞானராஜ் உளியைக் கீழே வைத்தான். எழுந்து வந்து ரோசுவின் பக்கத்தில் நின்றான். எல்லாருக்கும் கேட்கும்படி பேசினான். "என் மகளுங்க. பேரு ரோசம்மா. காச்சல்ல காலு போயிருச்சு. என் கையில ராசி எதுவும் இல்லீங்க. மரம் நல்ல மரம். புடிச்சா வாங்கிக்குங்க."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் அவனோடு மல்லுக்கட்டினேன். ராஜமேரி வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோசு பதறிப்போனாள். பலகையில் கையை ஊன்றி எம்பினாள்.

"ஐயோ, இல்லைங்க! அவரு சும்மா சொல்றாருங்க. நான் சொந்தக்கார வூட்டுப் புள்ளைங்க. ஊர்ல இருந்து வந்திருக்கன். எங்க மாமா கை ரொம்ப ராசியான கைங்க. நீங்க பாப்பாவக் குடுங்க, நடத்தி வுடுவாரு."

அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஞானராஜைப் பார்த்தார். ஞானராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ரோசு வண்டியை உருட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள். அன்றைக்குப் போல அவன் சிரிப்பான் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் அவன் காதருகே குனிந்து, வந்தவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாக, "நான் சரியாத்தான சொன்னன், மாமா?" என்று கேட்டாள்.